சுழலாத பந்து

மே 11
தூக்கக் கலக்கத்தில் இடது பக்கம் திரும்பிவிட்டேன். மின்விசிறி, பீரோ, சாமி படம் எல்லாம் சேர்ந்து சுற்றின. அரை நிமிடம்தான். கட்டில் சட்டத்தைப் பிடித்த விரல்கள் விடிந்த பிறகும் வலிக்கின்றன.

மே 12
அமெரிக்க பேஸ்பால் வீரர் ஆடம் கிரீன்பெர்க் நினைப்பாகவே இருக்கிறது. 2005 ஜூலை 9, ஃபுளோரிடா. 24 வயது. பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் முதல் ஆட்டம். பெற்றோர் கேலரியில். ஒன்பதாவது இன்னிங்ஸில் சிகாகோ கப்ஸ் அணி அவரை மட்டை பிடிக்க இறக்கியது. எதிரணி பிட்சர் (பந்து வீசுபவர்) வலேரியோ டி லாஸ் சான்டோஸ் போட்ட முதல் பந்தே, மணிக்கு 92 மைல் வேகத்தில், ஹெல்மெட்டுக்குக் கீழே பின்மண்டையில் பட்டது. அப்புறம் அவருக்கும் இதே தலைசுற்றல்தான். படுத்தால், குனிந்தால், திரும்பினால்.

மே 15
காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறிவிட்டதாம். தலையை 45 டிகிரி திருப்பி, அப்படியே மல்லாந்து, கட்டிலுக்கு வெளியே தலையைத் தொங்கவிட வேண்டும். அக்கா பிடரியைத் தாங்கிக்கொண்டு முப்பது வரை எண்ணினாள். பதினொன்றில் வாந்தி.

மே 16
இன்றும்.

மே 20
பேஸ்பாலில் உடம்பில் பந்து பட்டால் முதல் பேஸுக்கு (ஓடிச் சேரும் முதல் இடம்) போகலாம், ஆனால் 'அட் பேட்', அதாவது மட்டை பிடித்து ஆடிய முறை, கணக்கில் சேராது. அதனால் ஏழு வருஷம் கிரீன்பெர்க் பெயருக்கு நேரே பூஜ்யம்தான். களத்தில் இறங்கியவர், அடிபட்டவர், ஆனாலும் ஆடாதவர். இது எனக்குத் தாங்கவில்லை.
2011-ல் வேறொரு சின்ன லீகில் அதே பிட்சரை எதிர்கொண்டு, பந்தை அடித்து முதல் பேஸை எட்டினார். அதே கையிலிருந்து வரும் பந்து! எனக்கு அந்தக் குளியலறைப் படியைப் பார்த்தாலே உள்ளங்கை வியர்க்கிறது.

மே 27
"வேலையை விட்டுடேன்மா" என்கிறாள் அம்மா. பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பினேன். மெதுவாகத்தான். சுற்றவில்லை. அதன் பிறகுதான் அழுதேன்.

ஜூன் 2
ஒரு ரசிகர் விடாமல் குரல் கொடுத்து ஆள் திரட்டியதால், மார்லின்ஸ் அணி கிரீன்பெர்க்கை ஒரே ஒரு நாளுக்கு ஒப்பந்தம் செய்தது. 2012 அக்டோபர் 2. எதிரே மெட்ஸ் அணியின் பிட்சர் ஆர்.ஏ. டிக்கி, அந்த வருஷம் 20 ஆட்டம் ஜெயித்தவர். அவர் போட்டது நக்கிள்பால். அந்தப் பந்து ஏறக்குறைய சுழலவே சுழலாது, அதனாலேயே எந்தப் பக்கம் நெளியும் என்று போட்டவருக்கே தெரியாது. முதல் பந்தை விட்டார். அடுத்த இரண்டுக்கும் மட்டையை வீசினார், படவில்லை. மூன்று பந்தில் அவுட். அரங்கமே எழுந்து நின்றது.
எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அந்த மட்டை வீச்சில் தயக்கம் இல்லை. இப்போது பூஜ்யம் இல்லை, கணக்கில் ஒன்று இருக்கிறது.

ஜூன் 5
நான்கு நாளாகச் சுற்றவில்லை. எழுதவே பயமாக இருக்கிறது.

ஜூன் 8
நாளை ஏழரை பஸ். போர்டில் எழுதிவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்கும்போது தலையை மட்டும் திருப்பக்கூடாது, உடம்போடு திரும்ப வேண்டும். பீரோ கதவில் சாக்பீஸால் 'அ' எழுதித் திரும்பிப் பார்த்தேன். இரண்டு முறை சரி. மூன்றாவது முறை அக்கா கூப்பிட்டுவிட்டாள்