லண்டனில் போர்ட்டர் பீர்: பப்பில் தொடங்காதீர்கள்!

லண்டன் பப் சுவர்களில் எழுதியிருக்கும் போர்ட்டர் வரலாற்றைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. 1722-இல் ஷோர்டிச்சில் ரால்ஃப் ஹார்வுட் என்பவர், மூன்று பீப்பாய்களிலிருந்து கலந்து ஊற்றும் வேலையை மிச்சம்பிடிக்க, அந்தச் சுவையை ஒரே பீப்பாயில் கொண்டுவந்தாராம். நம்பாதீர்கள். 1721-லேயே அந்தப் பெயர் அச்சில் வந்துவிட்டது; ஹார்வுட் கதை பரவியதோ 1802-க்குப் பிறகு. லண்டன்காரர்கள் முன்பே காய்ச்சிவந்த பழுப்பு பீரை மாதக்கணக்கில் பீப்பாயில் கிடத்தினார்கள். அது முதிர்ந்து போர்ட்டர் ஆனது. பெயர் வந்தது அதை விரும்பிக் குடித்த சுமைதூக்கிகளிடமிருந்து. தேம்ஸ் கரையில் நிலக்கரியும் தானியமும் உப்பும் இறக்கியவர்கள், அடையாள வில்லை அணிந்து தெருக்களில் பொதி சுமந்தவர்கள்.

அதனால் முதலில் போகவேண்டிய இடம் பிக்காடிலி. ஹைட் பார்க் கார்னர் ஸ்டேஷனில் இறங்கி, கிரீன் பார்க் ஓரமாகக் கொஞ்சம் நடந்தால் நடைபாதையில் ஒரு சுமைதாங்கி நிற்கிறது: இரும்புக் கால்கள்மேல் தடித்த மரப்பலகை. 1861-இல் போர்ட்டர்களுக்காகவே நிறுத்தியது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பழையது 2014-இல் காணாமல் போய்விட்டது. இப்போதிருப்பது அதேபோல் செய்த புதியது. காசில்லாமல் பார்க்கக்கூடியவற்றில் இதற்கு ஈடில்லை.

அங்கிருந்து டாக்சி எடுப்பது வீண்செலவு. 38-ஆம் எண் பஸ்ஸில் கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் வரை போய், சேரிங் கிராஸ் சாலையில் வடக்கே நடந்தால் டொமினியன் தியேட்டர். முதல் பஸ்ஸில் கார்டைத் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் ஏறினாலும் ஒரே கட்டணம்தான். அதே கார்டையே தட்டவேண்டும்.

தியேட்டர் நிற்கும் இடத்தில் மியூ கம்பெனியின் ஹார்ஸ் ஷூ மதுவாலை இருந்தது. போர்ட்டரை மொத்தமாக முதிரவைக்க 22 அடி உயர மரத்தொட்டிகள் கட்டினார்கள். தொட்டி பெருக்கப் பெருக்கச் செலவு குறையும், ஆனால் பலகைகளைப் பிடித்து நிறுத்துவது இரும்புப் பட்டைகள் மட்டுமே. 1814 அக்டோபர் 17 மாலை ஒரு பட்டை கழன்றது. வருடத்தில் இரண்டு மூன்று முறை நடப்பதுதானே என்று விட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் தொட்டி வெடித்தது. அந்த வேகத்தில் பக்கத்துத் தொட்டியின் குழாயடைப்பும் பிய்ந்து, பின்சுவர் சரிந்து, பீர் வெள்ளம் செயின்ட் ஜைல்ஸ் குடிசைப் பகுதிக்குள் பாய்ந்தது. இறந்த எட்டுப் பேரும் பெண்களும் குழந்தைகளும்தான். சிலர் இறந்த குழந்தை ஒன்றுக்குத் துக்கம் காத்து நிலவறையில் உட்கார்ந்திருந்தவர்கள். ஜனங்கள் தெருவில் பீரை அள்ளிக் குடித்துக் கூத்தடித்தார்கள் என்பதற்கு அன்றைய பத்திரிகைகளில் சான்றில்லை. அந்தப் பொய்யைச் சொல்லிச் சிரிப்பது கொடுமை.

சிஸ்வெல் தெருவில் போர்ட்டர் காய்ச்சிய பழைய விட்பிரெட் மதுவாலை இப்போது விழா மண்டபம். வெளியே நின்று பார்த்துவிட்டு நகரலாம்.

குடிக்க? மத்திய லண்டனில் பைண்ட் விலை பர்ஸைக் காலிசெய்யும். அரை பைண்ட் கேளுங்கள், 284 மில்லி. ‘காஸ்க்’ (பீப்பாய்) என்று எழுதிய குழாயிலிருந்து 12 டிகிரி வாக்கில் வரும். ஐஸ்போல் இல்லையே என்று திருப்பிக் கொடுக்காதீர்கள், சில்லிட்டால் வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய தானியம்) காப்பி, சாக்லேட் வாசனை அடங்கிவிடும். ‘ஸ்டவுட்’ என்று எழுதியிருந்தாலும் தயங்கவேண்டாம், வீரியம் கூடிய போர்ட்டருக்கு வைத்த பெயர்தான் அது. இன்னும் சிக்கனம் வேண்டுமானால் சூப்பர்மார்க்கெட்டில் ஃபுல்லர்ஸ் லண்டன் போர்ட்டர் தேடுங்கள். 5.4 சதவீதம், பழுப்பு மால்ட்டும் சாக்லேட் மால்ட்டும் சேர்ந்தது, பாட்டில் 500 மில்லி. ஊருக்குக் கொண்டுவருவதென்றால் செக்-இன் பெட்டியில், துணி சுற்றி.