வட்டியில் பிடித்த வரியைத் திரும்ப வாங்க அம்மாவோடு அலைந்தது

மேலூரில் ஒரு வங்கியில் அம்மா பேரில் 14 லட்சம் ரூபாய் டெபாசிட் இருக்கிறது. அப்பா அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணம். அவர் காலமான பிறகு அம்மா பேருக்கு மாறியது. வட்டி 7.5 சதவீதம். குடும்ப ஓய்வூதியம் மாதம் 14,000. இரண்டையும் சேர்த்தாலும் வருடத்துக்கு 2 லட்சத்து 73 ஆயிரம்தான். 2023-24இல் 3 லட்சம் வரை வரியே கிடையாது.

அப்படியிருந்தும் அந்த வருடம் ஜூலைக்குப் பிறகு, மூன்று மாதத்துக்கு 26,250 ரூபாய் வட்டி வரவேண்டிய இடத்தில் 21,000தான் வந்தது. மூன்று தவணையிலும் சேர்த்து 15,750 ரூபாய் போய்விட்டது. பாஸ்புக்கை நீட்டி அம்மா கேட்டார்: "ஏய்யா, எனக்குத்தான் வரி இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கேன்ல? அப்புறம் எதுக்குப் பிடிச்சாங்க?"

எழுதிக் கொடுத்தது என்று அவர் சொன்னது 15எச் படிவம். எனக்கு வரி வராது, வட்டியில் பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் வருடாவருடம் வங்கியில் கொடுத்துவந்தது. ஏப்ரல் மாதமே கொடுத்துவிட்டார். ஆனால் 2023 ஜூன் 30க்குள் ஆதாரோடு இணைக்காத பான் எல்லாம் செயலிழந்துவிட்டது. பான் செயலிழந்தால் அந்தப் படிவமும் செல்லாது. 10 சதவீதம் பிடிக்க வேண்டிய இடத்தில் 20 சதவீதம் பிடிப்பார்கள். 80 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த இணைப்பிலிருந்து விலக்கு உண்டு. அம்மாவுக்கு அப்போது 68. வங்கியில் கொடுத்திருந்ததும் ஆதாரில் இருந்ததும் அப்பாவின் பழைய கைபேசி எண். அது எப்போதோ அடைபட்டுவிட்டது. தகவல் எதுவும் அவரிடம் வந்து சேரவே இல்லை.

சரி, இணைத்துவிடலாம் என்று உட்கார்ந்தால் முதலில் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். அதைக் கட்டும் பக்கத்தில் மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, எது என்று கேட்டது. பிறகு 'இதர வரவுகள் 500' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்குள் போய்த் தாமதக் கட்டணம் என்ற பிரிவைத் தேட வேண்டும். எட்டாம் வகுப்பு படித்த ஒரு அம்மா தனியாக உட்கார்ந்து இதைச் செய்வார் என்று யார் நினைத்தார்களோ தெரியவில்லை.

பணம் கட்டியும் இணையவில்லை, பெயர் பொருந்தவில்லை. நம் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, இனிஷியல்தான். பான் விண்ணப்பத்தில் பெயருக்கான கட்டங்களில் இனிஷியல் போடக் கூடாது. அதனால் பல வருடங்களுக்கு முன்பு விண்ணப்பித்தபோது, குடும்பப் பெயர்க் கட்டத்தில் என் தாத்தா பெயரை முழுதாக எழுதியிருக்கிறார்கள். ஆதாரிலும் வங்கியிலும் அப்பாவின் இனிஷியல். ஒரே பெண்மணிக்கு அரசாங்கத்திடம் இரண்டு பெயர். தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் இது இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயரைத் திருத்துவதற்கு முன்னால் கைபேசி எண்ணை மாற்றியாக வேண்டும், ஓடிபி வர வேண்டுமே. தபால் நிலையத்தில் இருந்த ஆதார் மையத்துக்குப் போனோம். அம்மாவின் கைரேகை விழவில்லை. பல வருடம் பூக்கட்டிய கை, கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் வழுவழுவென்று தேய்ந்துவிட்டன. அங்கிருந்த பெண் ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, கண்ணாடியில் வைத்து அழுத்தி, எடுத்து, மறுபடி துடைத்து அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கண்ணை விரித்துப் பிடித்துக் கருவிழியைப் பதிந்துதான் எண் மாறியது. பொறுமையாகச் செய்த அந்தப் பெண்ணை அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

பான் திருத்தத்தில் தாத்தா பெயரை எடுத்துவிட்டு, அம்மா பெயரை மட்டும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டோம். ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் அங்கேதான் எழுத வேண்டும். புது அட்டை வந்தது, இணைப்பும் நடந்தது. அப்புறம் ரீஃபண்ட், அதாவது பிடித்த வரி, திரும்பி வர வேண்டிய வங்கிக் கணக்கை வருமான வரித் தளத்தில் சரிபார்க்கும்போது, அங்கேயும் பெயர் இடித்தது. வங்கிக்குப் போய் புதுப் பான் நகலைக் கொடுத்து மாற்றினோம்.

அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ததுதான் எல்லாவற்றிலும் சுலபம். ஐடிஆர்-1 படிவத்தைத் திறந்தால் வட்டி, பிடித்த வரி எல்லாம் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. கடைசித் தேதியான 2024 ஜூலை 31 தாண்டிவிட்டதால் டிசம்பரில் தாமத ரிட்டர்னாகப் போட்டு, ஆதார் ஓடிபி மூலம் அப்போதே உறுதி செய்தோம். தாக்கல் செய்த 30 நாளுக்குள் இதைச் செய்ய வேண்டும். 15,750 ரூபாய் வந்து சேர்ந்தது.

அந்த நிரப்பிய படிவத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. வட்டி எவ்வளவு, வரி எவ்வளவு பிடித்தார்கள் என்று எல்லாமே அவர்களிடம் இருக்கிறது. 2021இலிருந்து ஏஐஎஸ் என்று ஆண்டுத் தகவல் அறிக்கையே தயார் செய்து வைக்கிறார்கள். அப்புறம் எதற்கு வரி வரம்புக்குள் வராதவரிடம் முதலில் பிடித்துவிட்டு, அவரையே வந்து கேட்க வைக்க வேண்டும்? 'உங்கள் வருமானம் இவ்வளவு, உங்களுக்குத் தர வேண்டியது இவ்வளவு, சரியா?' என்று தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, 'சரி' என்றால் பணத்தைப் போட்டுவிடலாம். வரி பிடிக்க வேண்டாம் என்ற படிவத்தை ஒருமுறை கொடுத்தால் வருமானம் மாறும் வரை செல்லும் என்று வைக்கலாம். ஓய்வூதியமும் வட்டியும் மட்டுமே உள்ள, 75 வயது நிறைந்தவர்களுக்கு, இரண்டும் ஒரே வங்கியில் இருந்தால், ரிட்டர்னே வேண்டாம் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. அதை 60 வயதுக்கு இறக்கி, ஒரே வங்கி என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டால் அம்மா மாதிரி எத்தனையோ பேர் பிழைப்பார்கள். பான் விண்ணப்பத்தில் இனிஷியலுக்கு ஒரு கட்டம் வைக்க என்ன செலவாகிவிடும்?

இன்னொன்று. ரிட்டர்னைத் தாமதித்து நாம் வரி பாக்கி வைத்தால் மாதம் 1 சதவீத வட்டி. அவர்கள் நமக்குத் தர வேண்டியதைத் தாமதித்தால் மாதம் அரை சதவீதம். பான் செயலிழந்து கிடந்த காலத்துக்கு அதுவும் கிடையாது. இது நியாயமே இல்லை.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று கொண்டுவந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் 819 பிரிவுகளை 536 ஆகக் குறைத்திருக்கிறார்கள். மதிப்பீட்டு ஆண்டு, முந்தைய ஆண்டு என்ற குழப்பம் போய் 'வரி ஆண்டு' என்று ஒன்றே வருகிறது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் அம்மா மாட்டிக்கொண்டது சட்டப் பிரிவில் இல்லை, கட்டங்களில்.

மூத்த குடிமக்களின் வட்டியில் வரி பிடிக்கும் வரம்பை 2025 ஏப்ரலிலிருந்து 50,000இலிருந்து 1 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். அம்மாவின் வட்டி 1,05,000. அதனால் அந்த ஏப்ரலிலும் படிவத்தை எழுதிக் கொடுத்தோம். உங்கள் வீட்டிலும் இப்படி டெபாசிட் வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால், பான் செயல்பாட்டில் இருக்கிறதா, ஆதாரில் இருக்கும் எண் யார் கையில் இருக்கிறது என்ற இரண்டையும் மட்டும் அடுத்த தவணை வட்டி வருவதற்குள் பார்த்துவிடுங்கள்.