மூலையில் ஒரு நட்சத்திரம்

திருவொற்றியூரில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பெரிய கம்பெனி ஒன்றுக்கு ஜாப் ஆர்டரில் பின்னும் புஷ்ஷும் போட்டுக் கொடுக்கும் பட்டறை. மூன்றாவது மாதமே நானூறு பின்னைக் கெடுத்தேன். அளவு தப்பவில்லை. டிராயிங்கில் உள்ளபடி, மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். ஆனால் என் கையில் இருந்தது 'பி' டிராயிங். அதைத் திருத்திய 'சி' வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதில் பின் கழலாமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையம் உட்காரும் குரூவ், அதாவது பள்ளம், ஒன்றரை மில்லி உள்ளே தள்ளியிருந்தது. மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது.

ஃபோர்மேன் கத்தவில்லை. "இன்னா தம்பி, நம்பரைப் பாத்தே, மூலையைப் பாக்கலியா?" என்று மட்டும் கேட்டார்.

பின்னின் பெயர் அதேதான், பார்ட் நம்பரும் அதேதான். மூலையில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. எனக்கு உடனே ரைஃபிள் ஞாபகம் வந்தது. வண்ணாரப்பேட்டையில் பியூசி படித்தபோது என்சிசியில் .303 ரைஃபிள் துடைத்திருக்கிறேன். கந்தல் துணியை எண்ணெயில் நனைத்து, புல்த்ரூ கயிற்றில் மாட்டிக் குழலுக்குள் இழுக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு ரைஃபிளில், ஒன்றில் தோட்டா அடைக்கும் பெட்டியான மேகசினுக்கு மேலே பக்கவாட்டில் ஒரு தகடு இருந்தது. மற்றதில் அது இல்லை. தகடு இல்லாததில் 'மார்க் 3' என்று குத்தியிருந்த இடத்தில் கூடவே ஒரு நட்சத்திரம் இருந்தது. ஹவில்தாரிடம் கேட்டேன். கேள்வி கேட்காமல் துடைக்கச் சொன்னார்.

பட்டறை வேலையில் ஊறிய பிறகு தேடிப் படித்தேன். 1907இல் வந்த அந்த லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் தகடு, மேகசினை அடைத்துவிட்டு ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடுவதற்கு. முதல் உலகப் போரில் லட்சக்கணக்கில் ரைஃபிள் தேவைப்பட்டது. இப்படிச் செதுக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. 1916இல் அந்தத் தகட்டை எடுத்தார்கள். வெகுதூரம் குறிவைக்கும் பக்கவாட்டு சைட்டும், பின்பக்க சைட்டை இடவலமாக நகர்த்தும் திருகும் போயின. மில்லிங்கில் எத்தனை செட்டிங் மிச்சமாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மிச்சத்துக்குத்தான் அந்த நட்சத்திரம்.

இரண்டாம் உலகப் போரில் அதே லீ-என்ஃபீல்டின் அடுத்த வடிவமான நம்பர் 4 ரைஃபிளுக்கும் இதே கதை. தோட்டாவைச் சுழலவைக்கக் குழலுக்குள் ஐந்து வரி வெட்டிய இடத்தில் இரண்டு வரி போதும் என்று சிலவற்றைச் செய்தார்கள். திருகித் திருகித் தூரம் வைக்கும் சைட்டுக்குப் பதில், 300, 600 கஜத்துக்கு மடக்கிப் புரட்டும் தகடு வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் 1949இல் வந்தது. பழைய ரைஃபிளில் டிரிகர், அதைச் சுற்றிக் கீழே இருக்கும் காப்பு வளையமான டிரிகர் கார்டோடு பின் போட்டு மாட்டியிருக்கும். கார்டுக்கும் இரும்பு உடலுக்கும் நடுவில் மரம். மரம் ஈரத்தில் உப்பினால் டிரிகர் இழுக்கும் கணக்கே மாறும். ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொள்வதைப் பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டாம். 1949இல் டிரிகரை நேராக இரும்பு உடலிலேயே தொங்கவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டு ஆயிற்றா என்று சிரிப்பு வரும். எங்கள் குரூவுக்கும் எத்தனை வருஷம் ஆயிற்றோ!

வங்காளத்தில் உள்ள நம் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 1962 போருக்குப் பிறகு அதே பழைய உருவத்தை 7.62 மில்லி தோட்டாவுக்கு மாற்றியது. அழுத்தம் கூடும் என்பதால் உடலுக்கு உசத்தி ஸ்டீல் போட்டார்கள். மேகசின் சதுரமானது. 2ஏ என்ற முதல் வகையில் 2,000 கஜம் வரை எண் போட்ட சைட். 2ஏ1இல் அது 800 மீட்டராகக் குறைந்தது. 2,000 கஜத்தில் யாரை எப்படிக் குறிவைப்பது?

மாற்றம் என்றால் எப்போதும் முன்னோக்கித்தான் என்று நினைத்தால் தப்பு. ரஷ்யர்களின் ஏகே ரைஃபிளின் உடலை முதலில் தகடு அழுத்தித்தான் செய்தார்கள். ரிஜெக்ஷன் தாங்கவில்லை. 1950களின் தொடக்கத்தில், பின்வாங்கி, முழு இரும்புக் கட்டியைக் குடைந்து செய்யும் வழிக்குப் போனார்கள். தகட்டு வேலை கைக்கு வந்த பிறகு, 1959இல் ஏகேஎம் என்ற பெயரில் மறுபடியும் தகட்டுக்கே திரும்பினார்கள்; இந்தத் தகடு ஒரு மில்லி கனம்தான். ஆபீஸில் வரைந்தவனைவிட பிரஸ் ஓட்டியவன்தான் இதில் எஜமான் என்று நான் சொல்வேன். சொன்னால் டிராயிங் ஆபீஸ்காரர்கள் கோபிப்பார்கள்.

பிறகு ஒருநாள் அந்தக் கம்பெனியின் அசெம்பிளி லைனுக்குச் சரக்கு கொண்டுபோனேன். என் பின்னை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் குரூவ் ஏன் நகர்ந்தது என்று கேட்டேன். அவர் பழைய பின் ஒன்றை எடுத்து ஓட்டையில் சொருகி, சர்க்ளிப் பிளையரை வைத்துக் காட்டினார். பிளையரின் மூக்கு பக்கத்துச் சுவரில் இடித்தது. "டெய்லி விரல் பிச்சிக்கும்ணே" என்றார். விரலில் இன்னும் தழும்பு இருந்தது.

அந்த நானூறில் பாதிக்கு மேல் பழைய இரும்புக் கடைக்குப் போனது. கொஞ்சத்தை ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. 'பி' டிராயிங் பின். கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.