வியாழக்கிழமை நாலு மணிக்கு வருவோம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் கரையெல்லாம் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வருமானம் நின்றுபோகும், படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு ஆகும் செலவு நிற்காது. பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் ‘நாம என்ன செய்யலாம்’ என்று பேச்சு வந்தால், படுக்கையில் ஆள் இருக்கும் இந்த மீனவர் வீடுகளிலிருந்து தொடங்குங்கள்.

நம் பாட்டிமார் ‘விசுவாசம், நம்பிக்கை’ என்று சொன்னதை இன்றைய விவிலியம் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு’ என்கிறது. எதிர்நோக்கு என்றால் என்ன என்பது, வாசலையே பார்த்துப் படுத்திருப்பவருக்கு விளக்காமலே புரியும். எபிரேயர் திருமுகம் (6:19) அதை நங்கூரம் என்கிறது. நங்கூரத்தின் கனம் மட்டும் படகைப் பிடிக்காது என்று கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ஆழத்தைப் போலப் பல மடங்கு கயிறு விட வேண்டும்; குட்டைக் கயிறாக இருந்தால் காற்று அடிக்கும்போது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஒருநாள் போய் ஜெபம் சொல்லி, நாலு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டு வருவது குட்டைக் கயிறுதான்.

போகும்போது இருவராகப் போங்கள். ஏழைகளின் வீடு தேடிப் போய் உதவுவதற்கென 1833-இல் பாரிஸில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையில் அதுதான் வழக்கம். இயேசு சீடர்களை அனுப்பியதும் இருவர் இருவராகத்தான். படுக்கைக்காரரைப் புரட்டவும் இரண்டு பேர் வேண்டும்.

பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அடியில் விரியுங்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று, சேலை ஓரத்தை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்துங்கள். இழுக்கவே கூடாது. இழுத்தால் தோல் மெத்தையோடு ஒட்டி நிற்கும், உள்சதை எலும்போடு நகரும். நடுவில் உள்ள சின்ன ரத்தக்குழாய்கள் நசுங்கி, புண் உள்ளேயிருந்து தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்ற வேண்டும். பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது இடுப்பெலும்பு மேல் முழு பாரமும் இறங்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்கால் அடியில் துண்டைச் சுருட்டி வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. புரட்டும் ஒவ்வொரு முறையும் விரிப்பில் மணல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். நம் ஊர் வீட்டில் இருக்கும்.

வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் தினமும் பார்க்க வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது என்பதால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். புறங்கையை வைத்துப் பாருங்கள்: சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால், தொட்டால் வலி என்றால், அந்த இடத்தில் இனி பாரம் விழக் கூடாது. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள், உள்ளே நொந்த சதை இன்னும் கெடும். துணியை வளையமாகச் சுற்றி அடியில் வைப்பதும் தப்பு. நடுவில் ரத்தம் போகாது. தோல் உரிந்துவிட்டால் மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம், நர்ஸைக் கூப்பிடுங்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான கவனிப்பும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதும் ஊழியம்தான்.

அரிசி மூட்டை கொண்டு போகாதீர்கள். ரேஷன் அரிசி வீட்டில் இருக்கும். இல்லாமல் போவது டயப்பர், முட்டை, பால், சோப்பு, பாலம் தாண்டி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோ வாடகை. புண் ஆறப் புரதம் வேண்டும். மீனை முள் எடுத்து மசித்துக் கஞ்சியில் கலந்து, உட்கார வைத்துச் சின்னக் கரண்டியால் ஊட்டி, அரை மணி நேரம் உட்கார்ந்தபடியே வைத்திருங்கள். படுக்க வைத்து ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும்.

தடைக்காலத்தில் ஒரு நல்லது உண்டு: மகன்கள் வீட்டில் இருப்பார்கள். வலை இழுக்கிற கை, புரட்டுவதற்கு நல்ல கை. வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்பவரைச் சேலையின் ஒரு ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள், இரண்டு நாளில் பழகிவிடும். ஜூன் 14-க்குப் பிறகு அவர் கடலுக்குப் போகும் நாளில் யார் வருவது என்பதை முன்கூட்டியே பேசி, பக்கத்து வீட்டு ஆளையும் பழக்கிவிடுங்கள்.

‘அம்மா எழுந்துருவாங்களா?’ என்று கேட்பார்கள். ‘ஆண்டவர் எழுப்பிவிடுவார்’ என்று வாக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. ‘வியாழக்கிழமை நாலு மணிக்கு வருவோம்’ என்று சொல்லுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், காலை 6 இடம், 8 மல்லாக்க, 10 வலம் என்று பெரிய எழுத்தில் எழுதி, வியாழன் 4-க்கு நேரே உங்கள் இருவர் பெயரையும் போட்டு, அம்மா கண்ணுக்குத் தெரியும் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.