மிச்சிகன் அளவு

"எலே, இது டூப்ளிகேட்டுலே."

1975 ஜூலை. நியூ ஜெர்சியில், எடிசனில், பெரியப்பா வீட்டு மாடியறையில் தரையில் உட்கார்ந்திருக்கிறோம். எனக்குப் பத்து வயது, பெரியப்பா மகன் அண்ணனுக்குப் பன்னிரண்டு. ஷூ பெட்டியிலிருந்து நான் எடுத்து வைத்த, பேஸ்பால் ஆட்டக்காரர் ஹாங்க் ஆரன் படம் போட்ட கார்டுக்குப் பக்கத்தில் அவன் தன்னுடைய ஹாங்க் ஆரனை வைத்தான். அதே டாப்ஸ் கம்பெனியின் 1975 கார்டு, அதே முதலாம் எண், அதே படம், பின்னால் அதே எழுத்து. ஆனால் அவனுடையது பெரிது. என்னுடையதை எடுத்து அவனுடையதன் மேல் வைத்தான். நாலு பக்கமும் அடியிலிருந்த கார்டு எட்டிப் பார்த்தது.

நான் அழுதுவிட்டேன். காசு கொடுத்துக் கடையில் வாங்கியது எப்படி டூப்ளிகேட் ஆகும்? பெரியம்மா மாடியேறி வந்து இரண்டு பேரையும் அதட்டிச் சாப்பிடக் கூட்டிப் போனார்கள். அந்த இரவு நான் அவனோடு பேசவில்லை.

நாங்கள் கோவில்பட்டியிலிருந்து மிச்சிகனுக்கு வந்தது 1974 நவம்பரில். அப்பாவுக்கு டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனி வேலை, வீடு லிவோனியாவில். ஊரில் இருந்தவரை நான் சேர்த்தது தீப்பெட்டிப் படம். இங்கே வகுப்பில் எல்லாப் பையன்கள் பையிலும் பேஸ்பால் கார்டு. நான் வந்து இறங்குவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் ஆல் கெய்லைன் ஆட்டத்தை விட்டிருந்தார். 22 வருஷமும் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு மட்டுமே ஆடி, 3,007 ஹிட்டோடு (பந்தை அடித்துவிட்டு முதல் பேஸையாவது எட்டினால் ஒரு ஹிட்) நிறுத்திக்கொண்டவர். பையன்கள் அவரைப் பற்றி வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள். அவர் ஆடி நான் பார்த்ததே இல்லை. ஆனால் 1975 வரிசையில் நாலாம் எண் அவர்தான், 3000 ஹிட் எட்டியதற்கான கார்டு. அது கிடைத்த அன்றுதான் நானும் அந்த ஊர்ப் பையன் ஆனேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

வாங்கியது வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு பார்ட்டி ஸ்டோரில். மிச்சிகனில் பெட்டிக்கடை மாதிரியான சின்னக் கடைக்கு அதுதான் பெயர். வேறு மாநிலத்தில் போய் அப்படிச் சொன்னால் பலூன் விற்கிற கடை என்று நினைப்பார்கள். பாக்கெட் 15 சென்ட். மெழுகுத்தாள் சுற்றிய பாக்கெட்டில் பத்து கார்டும் ஒரு பபிள்கம் பட்டையும் இருக்கும். கம் ஓடு மாதிரி விறைத்திருக்கும், வாயில் போட்டால் முதலில் உடையும், அப்புறம்தான் மெல்ல வரும். அதன் சர்க்கரைத் தூள் அதை ஒட்டியிருக்கிற கார்டில் ஒட்டி ஒரு நீளக் கறை போட்டுவிடும். இன்றைக்கும் அந்தக் கறை உள்ள கார்டை மூக்கில் வைத்துப் பார்ப்பேன். வாசனை போய்ப் பல வருஷம் ஆகிறது.

1975 டாப்ஸின் அழகு அதன் ஓரம். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம்: ஊதாவும் ரோஸும், பச்சையும் மஞ்சளும், ஆரஞ்சும் பழுப்பும். வெள்ளை ஓரக் கார்டில் முனை தேய்ந்தால் சட்டென்று தெரியாது. இதில் ஒரு தடவை கீழே விழுந்தாலே நிறம் பெயர்ந்து வெள்ளை அட்டை தெரியும். அந்த வயதில் அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள், ரப்பர் பேண்ட் போட்டுத்தான் வைத்திருந்தேன். என் ஜார்ஜ் பிரெட்டின் இடது ஓரத்தில் ரப்பர் பேண்ட் கடித்த பள்ளம் இப்போதும் இருக்கிறது. பிரெட்டுக்கும் ராபின் யவுண்ட்டுக்கும் அதுதான் முதல் கார்டு என்பதெல்லாம் பிறகு தெரிந்த விஷயம்.

போன வருஷத்துக் கார்டு வைத்திருந்த பையன்கள், "இந்த வருஷம் சின்னதாக்கிட்டாங்க" என்று குறைப்பட்டது நினைவிருக்கிறது. நாடு முழுக்க அப்படித்தான் என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். எடிசன் போய்த்தான் தெரிந்தது, இல்லை என்று.

விஷயம் இதுதான். டாப்ஸ் அந்த வருஷம் 660 கார்டையும் இரண்டு அளவில் அச்சடித்தது. வழக்கமான அளவு இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். மற்றது இரண்டேகால் அகலம், மூன்றே அரைக்கால் உயரம். சின்னது விலைபோகுமா என்று பரிசோதித்துப் பார்க்க அதை மிச்சிகனிலும் மேற்குக் கரைப் பக்கமும் இறக்கினார்கள். இன்று சேகரிப்பவர்கள் அதை மினி என்கிறார்கள். எங்களுக்கு அது மினி இல்லை. அதுதான் கார்டு.

கார்டு கடைக்கு வருகிற வழியைப் பார்த்தால் இது எப்படி நடந்தது என்பது புரியும். அப்போது டாப்ஸ் ஆபீஸ் புரூக்ளினில், ஃபேக்டரி பென்சில்வேனியாவில். அங்கிருந்து ஒவ்வொரு வட்டாரத்து மொத்த வியாபாரிக்கும் பெட்டி பெட்டியாகப் போகும். மிட்டாயும் சிகரெட்டும் கொண்டுவருகிற அதே வேனில்தான் கடைக்கு வரும். அந்த வேன் எதைக் கொண்டுவந்ததோ அதுதான் அந்தத் தெருப் பிள்ளைகளின் உலகம். எங்கள் தெருவில் ஒரே ஆட்டக்காரரின் கார்டு ஏழெட்டு வீட்டில் இருக்கும், இன்னொருவருடையதைக் கண்ணாலேயே பார்க்க முடியாது. மாற்றிக்கொள்ளலாம் என்றால் எல்லோரிடமும் அதே மீதிதான்.

இன்னொரு அதிசயம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. டெட்ராய்ட்டிலிருந்து தெற்கே பார்த்தால் கனடா. அப்பாவின் சிநேகிதர் வீடு விண்ட்சரில், மாதம் ஒருமுறை சுரங்கப்பாதை வழியாகப் போவோம். அங்கே கடையில் கேட்டால் டாப்ஸ் வராது, ஓ-பீ-சீ வரும். ஒன்டாரியோவில் லண்டன் என்ற ஊரில் இருந்த கம்பெனி. முன்பக்கம் டாப்ஸ் போலவே, வழக்கமான அளவு. திருப்பினால் ஆங்கிலமும் பிரெஞ்சும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். வெட்டும் ஒரே சீராக இருக்காது, ஓரம் கிழித்த துணி மாதிரி பிசிறடித்திருக்கும். எனக்கு அந்தப் பிசிறு ரொம்பப் பிடிக்கும். வழியில் காரில் விரலால் தடவிக்கொண்டே வருவேன். கஸ்டம்ஸ்காரர் குனிந்து என்ன கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டால், நான் முந்திக்கொண்டு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டுவேன்.

எடிசனிலிருந்து திரும்பிய பிறகு எனக்கு வந்த பைத்தியம் பழைய கார்டு. புதிதாக வாங்குவதைக் குறைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிற கராஜ் சேல் தேடிப் போவேன். பிள்ளைகள் வேலைக்கும் கல்யாணத்துக்கும் போன பிறகு அவர்கள் விட்டுப்போன பெட்டியை அம்மாக்கள் ஐம்பது சென்ட்டுக்கும் ஒரு டாலருக்கும் வைத்திருப்பார்கள்.

1977 கோடையில் அப்படி ஒரு பாட்டியிடம் மூன்று கார்டு வாங்கினேன், ஒன்று 25 சென்ட். அதில் ஒன்று ஹார்வி கீன். ஆனால் டாப்ஸ் இல்லை, நான் பார்த்திராத கார்டு. க்ளென்டேல் என்று ஒரு இறைச்சிக் கம்பெனி 1953-இல் டைகர்ஸ் ஆட்டக்காரர்களை மட்டும் போட்டு, ஹாட் டாக் பாக்கெட்டுக்குள் வைத்து மிச்சிகன் கடைகளில் விற்றது. கீனுக்கு அது முதல் முழு வருஷம். 209 ஹிட் அடித்து அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் ஆனார். பாட்டி சொன்னார், அந்த வருஷம் பூராவும் தன் மகன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஹாட் டாக் தவிர வேறு எதையும் தொடவில்லை என்று.

அந்தக் கார்டின் கீழ் வலது மூலையில் கொழுப்பு ஊறி அட்டை கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்க எழுத்தின் நிழல் அந்த மூலையில் மட்டும் தெரியும். எங்கள் வீடு சைவம். கடையில் ஹாட் டாக் அடுக்கியிருக்கிற பக்கமே அம்மா போகமாட்டார்கள். அந்தக் கறை என்ன என்று கேட்டபோது மறைக்க மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து கொடுத்து, "இதுல போட்டு வை. மத்ததோட சேக்காத. தூரப் போட வேண்டாம்" என்றார்கள். அந்தக் கவரை நான் மாற்றவில்லை.

ஒரு மோட்டல் ஹாலில் நடந்த கார்டு ஷோவில்தான் இந்த உள்ளூர்க் கார்டு உலகம் எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. சின்சினாட்டியில் கான்ஸ் இறைச்சிக் கம்பெனி 1955 தொடங்கி 1969 வரை விடாமல் போட்டிருக்கிறது. செயின்ட் லூயிஸுக்கு ஹன்ட்டர்ஸ், நியூயார்க்குக்கு ஸ்டால்-மேயர், லாஸ் ஏஞ்சலஸில் டாட்ஜர்ஸுக்கு மாரல், எல்லாம் இறைச்சி. மில்வாக்கியில் மட்டும் ஜான்ஸ்டன் குக்கீஸ். அம்மா அதை ஏற்றிருப்பார்கள். ஐம்பதுகளில் ஒரு ஊர்ப் பையன் கையிலிருந்த கார்டை அடுத்த மாநிலத்துப் பையன் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டான்.

மேஜை போட்டிருந்த பெரியவர் என் கீனைப் பார்த்துவிட்டு, "ஹவுட்டமன் இருக்கிறாரா?" என்றார். க்ளென்டேலில் கிடைக்காத கார்டு ஆர்ட் ஹவுட்டமன். 1953 ஜூன் 15 அன்று டெட்ராய்ட் அவரைக் கிளீவ்லண்ட் அணிக்கு மாற்றிவிட்டது. அவர் கார்டு அரிதானது அதனால்தான் என்றார் பெரியவர். கிளீவ்லண்ட் போனவர் படத்தை டெட்ராய்ட்டில் எந்த அம்மா வாங்குவாள்? டாப்ஸிலும் அரிதான கார்டு உண்டு என்றும் அவர்தான் சொன்னார். 1973 வரை டாப்ஸ் ஒரு வருஷத்துக் கார்டைப் பகுதி பகுதியாக வெளியிட்டது. கடைசிப் பகுதி வருவதற்குள் கோடை முடிந்து, கடைக்காரர்கள் ஃபுட்பால் கார்டுக்கு மாறிவிடுவார்கள். 1967-இல் டாம் சீவரின் முதல் கார்டு 581-ஆம் எண். அது வந்த சமயத்தில் பல ஊர்களுக்கு அந்தப் பகுதி சரியாகப் போய்ச் சேரவே இல்லை. ஹவுட்டமன் இன்றுவரை என்னிடம் இல்லை. விலை பார்த்திருக்கிறேன், கையைக் கடிக்கும் விலை.

அண்ணனோடு பேச்சு திரும்பியது தபாலில். 1977-இல் பர்கர் கிங் உணவகம் நியூயார்க் பக்கம் அந்த ஊர் யாங்கீஸ் அணியின் கார்டு கொடுத்தது. அவன் அதை எழுதி எழுதி என்னைப் பொறாமைப்பட வைத்தான். 1978-இல் எங்கள் முறை. டெட்ராய்ட் பக்கத்துக் கடைகளில் டைகர்ஸ் வந்தது, டாப்ஸ் அச்சடித்ததே. எங்களுக்கு அங்கே சாப்பிட உருளைக்கிழங்கு மட்டும்தான். அப்பா வாரம் இரண்டு நாள் வேலைவிட்டு வரும்போது அதை வாங்கி, கார்டையும் கேட்டு வாங்கி வருவார். டாப்ஸின் பெரிய வரிசையில் அந்த வருஷம் டைகர்ஸ் புதுமுகம் ஆலன் டிராமல் ஒரே கார்டில் நாலு பேரில் ஒருவர், கூடவே வேறு அணியின் பால் மோலிட்டர். லான்ஸ் பேரிஷ் டேல் மர்ஃபியோடு. லூ விட்டேக்கர், ஜாக் மோரிஸ் இருவரும் அப்படியே. தபால்தலை அளவு முகங்கள். எங்கள் பர்கர் கிங் கார்டில் டிராமல், பேரிஷ், விட்டேக்கர், மோரிஸ் நாலு பேருக்கும் ஆளுக்கொரு முழுக் கார்டு. 1984-இல் டைகர்ஸுக்கு வேர்ல்டு சீரிஸ் வென்று கொடுத்த நாலு பேரையும் மிச்சிகன் பிள்ளைகள் ஆறு வருஷம் முன்னாலேயே முழுக் கார்டாகப் பார்த்துவிட்டோம்.

ஒரு டிராமல் அனுப்பினேன். பதிலுக்கு அவன் லூ பினியல்லா அனுப்பினான். யாங்கீஸ் வரிசையில் தாமதமாகச் சேர்த்ததால் குறைவாக வந்த கார்டு அது. அதை ஏன் கொடுத்தான் என்று நான் கேட்கவில்லை. உறைக்குள், டூப்ளிகேட் இல்லை, என்று மட்டும் தமிழில் எழுதியிருந்தான்.

உண்மையில் நாங்கள் எடிசனிலேயே ஒன்று மாற்றிக்கொண்டோம். கிளம்புகிற அன்று காலையில் அவன் தன் ஹாங்க் ஆரனை என் பெட்டியில் போட்டுவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டான். பேசவில்லை, போட்டான், எடுத்தான், அவ்வளவுதான். அது இப்போதும் அவன் வீட்டில் இருக்கிறது.

மினி 660-இல் 659 என்னிடம் சேர்ந்துவிட்டது. முதலாம் எண் மினியை வேறு யாரிடமும் வாங்கவில்லை. ஆல்பத்தில் மற்றத் தாள்கள் எல்லாம் சின்னப் பை வைத்தவை. அண்ணன் கார்டு அதற்குள் நுழையாது என்பதால் முதல் தாள் மட்டும் பெரிய பை. ஒன்பது பையில் முதலாவதில் அவன் ஆரன் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறார். கெய்லைனும் மற்ற ஏழு பேரும் பைக்குள் நழுவி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகிடப்பார்கள். அவர்களை விரலால் ஒவ்வொன்றாக நேராக்கிவிட்டுத்தான் அடுத்த தாளுக்குப் போகிறேன்.