'ப்ரீபோன்' தப்பான ஆங்கிலமா?

'ப்ரீபோன்' என்று எழுதினால் "அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் கிடையாது" என்று சிவப்பு மையால் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடிக்கும் முன் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 'போஸ்ட்போன்' லத்தீன் வழி வந்தது. 'போஸ்ட்' என்றால் பின், 'போனெரே' என்றால் வைத்தல். பின்னால் வைப்பது, அதாவது தள்ளிப்போடுவது. அதே அச்சில் 'ப்ரீ' சேர்த்தால் முன்னால் வைப்பது, அதாவது குறித்த நாளுக்கு முன்பே நடத்துவது. சொல்லாக்கத்தில் ஒரு குறையும் இல்லை. நாம் உண்டாக்கிய கொச்சை என்பதும் நிற்காது: 1913-இலேயே நியூயார்க் டைம்ஸுக்கு எழுதிய வாசகர் ஒருவர், போஸ்ட்போனுக்கு எதிர்ச்சொல்லாக இதை முன்மொழிந்திருக்கிறார். அங்கே அது வேர்பிடிக்கவில்லை, இங்கே பிடித்துக்கொண்டது.

இந்தச் சொல்லுக்கு உண்மையான தேவையும் இருக்கிறது. புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் 'மூவ் ஃபார்வர்ட்' செய்தாயிற்று என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். கேட்பவர்களில் சிலர் திங்கள் என்பார்கள், சிலர் வெள்ளி என்பார்கள். ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் இதில் இரண்டுபடுகிறார்கள். ப்ரீபோனில் அந்தக் குழப்பமே கிடையாது.

இதேபோல அடி வாங்கும் இன்னொரு சொல்லான 'இர்ரிகார்ட்லெஸ்' வேறு வகை. 'ரிகார்ட்லெஸ்' என்ற அதே பொருளில்தான் அதையும் எழுதுகிறார்கள். 'ரிகார்ட்லெஸ்' என்றாலே 'பொருட்படுத்தாமல்' என்று ஆகிவிடுகிறது. கடைசியில் 'லெஸ்' என்ற எதிர்மறை இருக்க, முன்னால் 'இர்' என்று இன்னொரு எதிர்மறை எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் தர்க்கத்தை மட்டும் வைத்து ஒரு சொல்லைத் தள்ளிவிட முடியாது. 'ராவல்', 'அன்ராவல்' இரண்டுக்குமே நூல் பிரிதல் என்ற பொருள் உண்டு. அந்த 'அன்' பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. ஞாண் என்றாலே கயிறுதான், நாமும் அரைஞாண் கயிறு என்கிறோமே. இர்ரிகார்ட்லெஸ் 1795-இலேயே அச்சில் வந்துவிட்டது. அமெரிக்க அகராதி நிறுவனமான மெரியம்-வெப்ஸ்டர் 1934-இல் தன் பேரகராதியில் சேர்த்தது.

தவறு நடப்பது இங்கேதான். "அகராதியில் இருக்கிறது, ஆகவே சரி" என்று அதோடு மூடிவிடுகிறார்கள். மக்கள் புழங்குவதைப் பதிவு செய்வதுதான் அகராதியின் வேலை; நன்னடத்தைச் சான்றிதழ் தருவதில்லை. பொருளுக்கு முன்னால் இருக்கும் சிறு குறிப்பைப் படிக்க வேண்டும். இர்ரிகார்ட்லெஸுக்கு 'நான்ஸ்டாண்டர்ட்' என்று போட்டிருக்கும்: சொல் உண்டு, படித்தவர்கள் எழுத்தில் ஒப்புக்கொள்வதில்லை என்று அர்த்தம். ப்ரீபோனுக்கு இருப்பது 'இந்திய ஆங்கிலம்' என்ற குறிப்பு. அது வட்டாரத்தைச் சொல்கிறது, குற்றத்தைச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் திருத்துவது ப்ரீபோனுக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே சென்னை அலுவலகத்திலிருந்து டெல்லிக்குப் போகும் மின்னஞ்சலில் ப்ரீபோன் தாராளமாக இருக்கட்டும். லண்டனுக்குப் போவதில் 'பிராட் ஃபார்வர்ட்' என்று எழுதி, பழைய தேதி, புதிய தேதி இரண்டையும் போட்டுவிடுங்கள். இர்ரிகார்ட்லெஸை விண்ணப்பத்திலோ தேர்வுத்தாளிலோ எழுத வேண்டாம். இரண்டு எழுத்துக் குறைவான ரிகார்ட்லெஸ் இருக்கும்போது அதை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை, மதிப்பெண்தான் போகும். திரையில் வரும் சிவப்பு நெளிகோட்டை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்: நீங்கள் தேர்ந்தெடுத்த மொழி அமைப்பின் பட்டியலில் அந்தச் சொல் இல்லை என்பதற்கு மேல் அந்தக் கோட்டுக்கு எதுவும் தெரியாது.