யாருடைய மீன்?

"தம்பி, இந்த மீன் யாருக்கு?" என்று அந்தப் பெரியவர் கேட்டபோது நான் கணக்குக் கொப்பிக்குள் தலையை விட்டிருந்தேன். "கூலி தந்துவிட்டோமே ஐயா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. தலையாட்டிவிட்டு வலையைக் காயப்போடப் போய்விட்டார்.

நிலாவெளிக் கடற்கரையில், தோணியில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுக் கரையிலிருந்து பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலையைப் படமாக்கிய காட்சி அது. கையில் காசில்லாத படங்களில் தயாரிப்பாளரும் உதவி இயக்குநரும் ஒரே ஆள்தான். அந்த ஆள் நான். விடியுமுன் ஆட்களைக் கூட்டுவது, முந்திய நாள் கட்டிய சாரத்தையே இன்றும் கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது, கிளாப் அடிப்பது, திருகோணமலை டவுனிலிருந்து வரும் சோற்றுப் பார்சலுக்குக் காசு எண்ணுவது எல்லாம் என் தலையில்தான். இங்கே சூரியன் கடலிலிருந்து எழும்பும். இயக்குநர் கேட்கும் வெளிச்சம் அரை மணி நேரம்கூட நிற்காது. வலை வளைத்துக் கரைசேர்க்கவோ மணிக்கணக்காகும். ஆகவே மீனைப் பார்த்தல்ல, வெளிச்சத்தைப் பார்த்து வலை போடச் சொன்னோம். மீன் எங்கே படப்போகிறது என்ற நினைப்பில் 22 பேருக்கும் நாட்கூலியும், வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குத் தோணி, வலை வாடகையும் பேசினேன். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடல் இடம் தராது. அந்த அவசரத்தில் வேறெதையும் பேசவில்லை.

வலையின் மடி நிறையச் சூடை மீன் வந்தது.

பட்ட மீனை விற்று, செலவு கழித்து, சம்மாட்டிக்கும் இழுத்தவர்களுக்கும் பங்கு பிரிப்பதுதான் கரைவலை வழக்கம். எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வெறும் வலை வந்திருந்தால் கூலியைத் திருப்பித் தந்திருப்பார்களா? என் பட்டியலில் அவர்கள் துணை நடிகர்கள். வலையும் தோணியும் நான் வாடகைக்கு எடுத்த சாமான்கள். இப்படி அடுக்கிக்கொண்டு போனால் நியாயம் என் பக்கம்தான் நிற்கிறது.

அடுக்கி முடிப்பதற்குள் ஒலிபெருக்கி ஞாபகம் வந்துவிடும். "யாரும் நடிக்க வேண்டாம், நாள்தோறும் செய்வதையே செய்யுங்கள்" என்று காலையில் கத்தியவன் நான். அவர்களும் கமராவை மறந்து, வலை இழுக்கும் பாட்டான அம்பா பாடித்தான் இழுத்தார்கள். நடிக்காதே என்று சொன்னவனே நடிகனுக்குரிய கூலியைக் காட்டி வாயடைக்கலாமா? ஒருவேளை அந்தப் பெரியவர் பங்கே கேட்கவில்லையோ என்னவோ. வீட்டுக் கறிக்கு நாலு மீன் எடுக்கலாமா என்பதைத்தான் அப்படிக் கேட்டிருப்பார். அப்படியென்றால் நான் சொன்ன பதில் இன்னும் மோசம். பதில் சொன்னது தயாரிப்பாளரா, உதவி இயக்குநரா என்றுகூட யோசித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் வாய் ஒன்றுதானே.

ஐஸ் பெட்டியோடு வந்த வியாபாரிகள் மீனை ஏலத்தில் எடுத்தார்கள். அந்தக் காசில் எங்கள் குழுவின் இரண்டு நாள் சாப்பாடு நடந்தது. படத்தில் காட்சி 40 விநாடி.

கணக்கு முடிக்கும்போது, பணம் போட்ட நண்பர் 'பிற வரவு' என்ற வரியில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார்.

"பழைய சாமான் விற்றது" என்றேன்.